கோபத்தில் ஒட்டிய காகிதம்

கோபம் வந்தால் சிலர் சட்டி பானையை உடைப்பார்கள். சிலர் சோறு வேண்டாம் என்று குப்புறப் படுத்துக்கொள்வார்கள். பாகூர் குழந்தைவேல் கல்யாணக் காகிதம் ஒட்டினான். அதுவும் அதுவரை ஒரு வார்த்தை பேசியிராத பெண்ணோடு சேர்த்து. அதைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் பாகூரில் நிறையப் பேர். சிரிக்கட்டும். சிரிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு முழுக்கதை தெரியாது.

முப்பத்தேழாம் வருஷம், மாசி மாதம். பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர்களில் தாலி கட்டுவதற்கு முன்னால் மேரிக்குப் போக வேண்டும். மேரி என்று எல்லோரும் சொன்னது கொம்யூன் என்கிற ஊர்ச் சபை ஆபீசை. அங்கே குமாஸ்தா ஒருவர் மாப்பிள்ளை பேர், பெண் பேர், தகப்பன்மார் பேர், ஊர் எல்லாம் பிரெஞ்சில் எழுதி, வாசலில் கம்பிவலை அடித்த பலகைக்குள் பத்து நாள் ஒட்டி வைப்பார். ஆட்சேபணை உள்ளவர்கள் வந்து சொல்லலாம். பக்கத்திலேயே இருந்த இங்கிலீஷ்காரன் எல்லையில் இந்த வழக்கம் கிடையாது. அங்கிருந்து சம்பந்தம் பேச வருகிறவர்கள் பலகையைப் பார்த்துவிட்டு, ஏதோ நிலம் ஏலத்துக்கு வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

குழந்தைவேலுக்கு வயது இருபத்தாறு. ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் வைத்திருந்தான். அப்பா இல்லை, அம்மா வள்ளியம்மாள் மட்டும்தான். அம்மாவின் தம்பி சாமிக்கண்ணுவுக்கு ருக்குமணி என்று ஒரு மகள். அவள் தொட்டிலில் கிடந்த நாளிலேயே குழந்தைவேலுக்குத்தான் என்று பேச்சு. யாரும் அவனையும் கேட்கவில்லை, அவளையும் கேட்கவில்லை. அவனும் வெயில் அடிப்பது மழை பெய்வது போல அதையும் ஒத்துக்கொண்டு வளர்ந்துவிட்டான்.

அன்றைக்குக் காலையில் மேரிக்கு எதிரே இருந்த கௌஸ் பாஷாவின் வெல்ல மண்டிக்குப் போனான். பாய் வழக்கம்போல வெற்றிலையை நீட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, பலகையில் உங்கள் மாமா வீட்டுக் காகிதம் ஒன்று தொங்குகிறது தம்பி, போய்ப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

பலகைக்கு முன்னால் ஏற்கனவே ஒரு பெண் நின்றிருந்தாள். வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள். சேலையில் அங்கங்கே கரும்புச் சக்கைத் தூள் ஒட்டியிருந்தது. அவள் யார் என்று அவனுக்குத் தெரியும். மடுகரை பச்சையப்பனின் மகள் தனக்கொடி. பச்சையப்பன் சொந்தமாக இரும்பு ஆலையும் கொப்பரையும் வைத்திருந்தார். தை மாதம் பிறந்தால் அவற்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கரும்பு ஆட்டி வெல்லம் காய்ச்சிக் கொடுப்பார். மாடு ஓட்ட ஒரு ஆள் உண்டு. ஆலைக்குக் கரும்பு கொடுப்பது அவர் வேலை, பாகு பதம் பார்ப்பது மகள் வேலை. அந்த வாரம் அவர்களுடைய ஆலை குழந்தைவேலின் கரும்புக் கொல்லையில்தான் இறங்கியிருந்தது. ஆனாலும் அவனும் அவளும் பேசிக்கொண்டதில்லை.

“இதுல இன்னா எழுதியிருக்குதுன்னு படிச்சிச் சொல்றீங்களா?” என்றாள்.

அவனுக்கும் பிரெஞ்சு தெரியாது. உள்ளே இருந்து குமாஸ்தா வந்து இரண்டு பேருக்குமாகச் சேர்த்துப் படித்தார். சைகோனில் கணக்கு உத்தியோகம் பார்க்கும் மடுகரை உலகநாதனுக்கும் பாகூர் சாமிக்கண்ணு மகள் ருக்குமணிக்கும் கல்யாணம் என்று இருந்தது. உலகநாதன் தனக்கொடிக்கு அத்தை மகன். மூன்று வருஷம் சைகோனில் இருந்துவிட்டு வந்தவன். அவனுக்காக அவள் இருபத்திரண்டு வயது வரைக்கும் காத்திருந்தாள் என்பது ஆலை போகிற ஊர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம். காகிதம் பற்றிய பேச்சு காதில் விழுந்துதான் அவள் வந்திருந்தாள்.

குமாஸ்தா படித்து முடித்துவிட்டு, ஆட்சேபணை இருக்கிறதா என்று இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார்.

“எனக்கு ஒண்ணும் இல்ல. போவட்டும்” என்றாள் தனக்கொடி. குரலில் நடுக்கம் இல்லை, கன்னம் மட்டும் சிவந்திருந்தது.

குழந்தைவேலுக்குக் காதுக்குள் இரைச்சலாக இருந்தது. பெற்ற மகளை எங்கே கொடுப்பது என்பது மாமாவின் இஷ்டம். ஆனால் அக்காள் வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் ஊர் பார்க்கப் பலகையில் ஒட்டுவதா? அவன் விரலால் அந்தக் காகிதத்துக்குப் பக்கத்தில் தட்டி, “இங்க எடம் இருக்குதா?” என்றான்.

“எதுக்கு?”

“எம் பேர ஒட்டறதுக்கு.”

“பொண்ணு யாரு?”

அதைக் குழந்தைவேல் யோசித்திருக்கவில்லை. கோபத்தில் அவனுக்குத் தோன்றியது மாப்பிள்ளை பேர் வரைக்கும்தான். அவன் வாயைத் திறந்தபடி நின்றான். எதிரே மண்டியில் பாய் தராசை அப்படியே தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எம் பேரு தனக்கொடி. எழுதிக்குங்க” என்றாள் அவள்.

குமாஸ்தா இருபது வருஷமாக அந்த நாற்காலியில் இருந்தவர். இதைவிடப் பெரிய கூத்துகளைப் பார்த்தவர் போல எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட வரும்போது தாய் தகப்பனும் இரண்டு சாட்சியும் வர வேண்டும், இப்போதைக்குப் பேர் போதும் என்றார். ஒட்டிய காகிதம் ஒரு வருஷம் செல்லும், அடுத்த வருஷம் பெவ்ரியே, அதாவது பிப்ரவரி, இருபத்திரண்டாம் தேதி ஆபீஸ் மூடும் மணிக்குள் வராவிட்டால் அது தானாகச் செத்துவிடும் என்றும் சொன்னார். நடுவில் வேண்டாம் என்றால் இரண்டு பேரும் சேர்ந்து வந்து காரணம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

திரும்பி வரும் வழியில் ஏரிக்கரைப் புளியமரத்தடியில் நின்று பேசிக்கொண்டார்கள். அதை நிச்சயதார்த்தம் என்றும் சொல்லலாம், ஒப்பந்தம் என்றும் சொல்லலாம். உலகநாதன் பார்க்க வேண்டும், அது போதும் என்றாள் அவள். மாமா பார்க்க வேண்டும் என்றான் அவன். பத்து நாள் தொங்கட்டும், அவர்கள் கல்யாணம் முடிகிற வரைக்கும் நாமும் கல்யாணம் நடக்கிற மாதிரியே இருப்போம், அப்புறம் ஒரு வருஷத்தில் காகிதம் செத்துப்போகட்டும் என்று முடிவானது. நடுவில் போய்க் கிழிக்கலாம் என்றால், கோபம் தணிந்துவிட்டது என்றா காரணம் எழுத முடியும்?

வீட்டில் இருந்தவர்களை இரண்டு பேருமே மறந்துவிட்டார்கள். பச்சையப்பன் மகளிடம் என்னை ஒரு வார்த்தை கேட்டாயா என்று கேட்டார். உங்கள் தங்கச்சி மகன் கேட்டானா என்று அவள் திருப்பிக் கேட்டதும், அவர் போய் ஆலைக்குக் கரும்பு கொடுக்க உட்கார்ந்துவிட்டார். வள்ளியம்மாளுக்குக் கௌஸ் பாஷா வழியாகச் செய்தி வந்தது. அன்று சாயங்காலம் முழுக்கத் தம்பியை நினைத்து அழுதாள். மறுநாள் உச்சிப்பொழுதில் கேழ்வரகுக் களியும் நல்லவாடு கடற்கரையிலிருந்து வந்த கருவாட்டில் வைத்த குழம்பும் கட்டிக்கொண்டு கொல்லைக்கு வந்து, கொப்பரையடியில் நின்ற தனக்கொடியின் முன்னால் வைத்தாள். பாகு தெறித்துத் தழும்பேறிய அவள் முன்கைகளைப் பார்த்தாள். “தேங்கா எண்ண போடக் கூடாதா கண்ணு?” என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். அன்றிலிருந்து ஆலை பாகூரை விட்டுப் போகிற வரைக்கும் ஒரு நாள் தவறாமல் சோறு வந்தது. அந்தச் சோறு வருகிற நேரம் பார்த்து, அம்மா முகத்தில் விழிக்காமல் குழந்தைவேல் கரும்புக்குள் போய்விடுவான்.

நடிப்பதிலும் அவர்களுக்குப் பழக்கம் போதாது. ருக்குமணியின் வீடு ஏரிக்கரைக்குக் கீழே இருந்தது. பொழுது சாயும் முன்னே இரண்டு பேரும் கரைமேல் நடந்து போனால் அந்த வீட்டு வாசலுக்குத் தெரியும் என்பது தனக்கொடியின் யோசனை. நடந்தார்கள். நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அளவுக்கு இடைவெளி இருந்தது. பேச ஒன்றும் அகப்படாமல் குழந்தைவேல் மதகுகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். எந்த மதகு எந்த நிலத்துக்குப் பாய்கிறது, எந்தக் கால்வாயில் நண்டு வளை போட்டுத் தண்ணீர் வீணாகிறது என்று சொல்லிக்கொண்டே போனான். மணக்கப் போகிற பெண்ணிடம் எவனும் பேசாத பேச்சு. ஆனால் அவள் காது கொடுத்துக் கேட்டாள். கடைமடைக்குத் தண்ணீர் வராத வருஷம் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். அதற்கு முன்னால் அவனை அப்படிக் கேட்டவர்கள் யாரும் இல்லை. நாலாவது நாள் கரையிலிருந்து இறங்கும்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது, ருக்குமணி வாசலில் நின்றாளா இல்லையா என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை.

பங்குனியில் அந்தக் கல்யாணம் நடந்தது. இரண்டு பேரும் போனார்கள், தலை நிமிர்ந்து நின்றார்கள், வயிறாரச் சாப்பிட்டார்கள். மறுவாரம் பச்சையப்பன் ஆலையைப் பிரித்து வண்டியில் ஏற்றினார். அடுத்த வேலை காட்டேரிக்குப்பத்தில்.

“நம்ம வேல முடிஞ்சிதுங்க” என்றாள் தனக்கொடி, வண்டியில் ஏறும்போது. அவனும் முடிஞ்சிது என்றான். வண்டி திரும்பி மறைகிற வரைக்கும் நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து காரணம் இல்லாமல் அம்மாவிடம் சிடுசிடுத்தான்.

சித்திரை போனது, வைகாசி போனது. ஆடியில் அவன் மடுகரைக்குக் கிளம்பினான். ஆலை உருளைக்குப் பல் தேய்ந்திருந்தது, பழுது பார்த்தாயிற்றா என்று விசாரிக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னான். கரும்பு வெட்ட இன்னும் ஆறு மாதம் இருந்தது. வள்ளியம்மாள் மறுப்புச் சொல்லாமல் ஒரு பெரிய பொட்டலமாகக் கருவாட்டைக் கட்டிக் கொடுத்தாள். மடுகரைக்குப் போகிற வழியில் இங்கிலீஷ்காரன் எல்லையைத் தாண்ட வேண்டும். சாவடியில் சேவகர்கள் வண்டியை நிறுத்தி, சாராயம் கடத்துகிறானோ என்று பொட்டலத்தைப் பிரித்தார்கள். பிரித்தவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள். இது யாருக்கு என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டதற்கு, கட்டிக்கப் போகிற பெண்ணுக்கு என்று குழந்தைவேல் சொன்னான். அது பொய்தானே என்று அவனுக்கு அப்போது உறைக்கவே இல்லை, சாவடி தாண்டி வெகுதூரம் போன பிறகுதான் உறைத்தது.

மடுகரையில் தனக்கொடி நாற்றங்காலில் நாற்றுப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். முழங்கால் வரைக்கும் சேறு. அவனைப் பார்த்ததும், இன்னாங்க இவ்வளவு தூரம் என்றாள். உருளைப் பல் என்றான். வீட்டுக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடியிருந்த ஆலையைக் காட்டினாள். அவன் ஒவ்வொரு பல்லாகத் தடவிப் பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது என்றான். அவள் கருவாட்டுக் குழம்பு வைத்துச் சோறு போட்டாள். பச்சையப்பன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தபடி சாப்பிட்டார்.

ஐப்பசியில் தீபாவளி. தலைதீபாவளிக்கு ருக்குமணி பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். இந்த ஒரு நாளுக்காகக் குழந்தைவேல் பல மாதம் வார்த்தை சேர்த்து வைத்திருந்தான். எதிரே வந்தால் இன்னது சொல்ல வேண்டும், சொல்லிவிட்டு நிற்காமல் நடந்துவிட வேண்டும் என்று வரப்பில் நடக்கும்போதெல்லாம் ஒத்திகை பார்த்தவன். அவள் எதிரே வந்தாள். புதுப் பட்டுடுத்தி, கொஞ்சம் இளைத்து, நல்லா இருக்கிறீர்களா மாமா என்று தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். அவன் அவளைப் பார்த்தான். சேர்த்து வைத்த வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. கரும்பில் இந்த வருஷம் எலித் தொந்தரவு அதிகம், உங்கள் அப்பாவைக் கிட்டி வைக்கச் சொல் என்றான். அவள் சரி என்றாள். அவன் போய்விட்டான்.

வீடு வந்து சேர்ந்ததும் கால் கழுவக் குனிந்தவன் அப்படியே நின்றான். கோபம் எங்கே போயிற்று? தேடிப் பார்த்தான். எப்போது போனது என்றுகூடத் தெரியவில்லை. கோபம் இருந்த இடத்தில் கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்ட ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவனுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. ஏனென்றால் அந்தக் காகிதம் சாவதற்கு நாலு மாதம்கூட இல்லை.

தை பிறந்ததும் ஆலை வந்து இறங்கியது. குழி வெட்டி அடுப்புப் போட்டார்கள். மாடுகள் சுற்ற ஆரம்பித்தன. சாறு தகரத்தில் நிறைந்து கொப்பரைக்குப் போனது. தனக்கொடி சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்து அழுக்கு நுரையை வழித்துக்கொண்டே, வேறு யாருடைய விஷயத்தையோ சொல்வது போலச் சொன்னாள். காட்டேரிக்குப்பத்தில் ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. கரும்புக்காரர்கள்தான். போன பங்குனியில் ஆலை போட்ட இடத்திலேயே பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். காகிதம் இருபத்திரண்டாம் தேதி முடிகிறது, முடிந்ததும் பேசலாம் என்று நைனா சொல்லியிருக்கிறார்.

குழந்தைவேல் கையில் இருந்த கரும்புக் கட்டை இறக்கவும் தோன்றாமல் நின்றான். இரண்டு நாள் தூங்காமல் யோசித்து, மூன்றாம் நாள் சக்கை காயப் போடுகிற இடத்தில் அவளிடம் போய், “அந்தக் காயிதத்த நெசமாக்கிடலாமா?” என்று கேட்டான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “இன்னாத்துக்கு?”

இந்தக் கேள்வி வரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. “அம்மா ரொம்ப ஆசப்படுது” என்றான்.

“அத்தைக்கு நான் வந்து சொல்லிக்கறேன்.”

“ஊரு இன்னா சொல்லும்?”

“ஊருக்காவத்தான் ஒட்டனோம். ஊருக்காவவே கட்டிக்கவும் சொல்றீங்களா?” என்று சொல்லிவிட்டு அவள் சக்கையை உதற ஆரம்பித்தாள். அவன் அங்கிருந்து நகர்ந்தான். மண்டியில் போய்ச் சொன்னபோது கௌஸ் பாஷா தலையில் அடித்துக்கொண்டார்.

“அம்மா, ஊரு, எல்லாரும் வந்தாங்களே தம்பி. நீங்க எங்க போனீங்க?”

இருபத்திரண்டாம் தேதி வந்தது. குழந்தைவேல் எல்லா ஏற்பாட்டையும் செய்துவிட்டான். வண்டியைக் கழுவிக் கட்டினான். சாட்சிக்குப் பாயையும், மதகு காவல்காரனையும் அழைத்து வந்தான். வள்ளியம்மாள் எடுத்து வைத்திருந்த கண்டாங்கிச் சேலையைக் கட்டிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு ஆளை மட்டும் அவன் கேட்கவில்லை. மூன்று மணிக்கு இந்தப் பட்டாளத்தோடு கொல்லையில் வந்து இறங்கினான்.

கொப்பரை முழுக்கப் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. சாறு நிறம் மாறி, குமிழி பெரிதாகி, கிட்டத்தட்டப் பதம் வருகிற நேரம். அந்த நேரத்தில் துடுப்பைப் போடுகிறவள் இமைகூட அசைக்க மாட்டாள். கொஞ்சம் தவறினாலும் அடிப்பிடித்து மொத்தமும் கசந்துவிடும்.

“கௌம்பு. மேரி மூட ரெண்டு மணி நேரந்தான் இருக்குது” என்றான்.

“பாகு பதம் வருது. இப்ப எப்பிடி வர்றது?”

“கருகட்டும்.”

ஆலையில் கரும்பு கொடுத்துக்கொண்டிருந்த பச்சையப்பனின் கை நின்றது. மாடு ஓட்டுகிறவன் மாட்டை நிறுத்தினான். வண்டியில் இருந்த வள்ளியம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டாள். பத்து மாதம் தண்ணீர் கட்டி, தோகை உரித்து, நரி வராமல் எலி வராமல் காத்த கரும்பு. அதன் சொந்தக்காரன் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து அங்கே யாரும் கேட்டதில்லை.

“கருகவுட மாட்டேன்” என்றாள் தனக்கொடி. துடுப்பு நிற்கவில்லை. “அன்னைக்குக் கேட்டேனே, இன்னாத்துக்குன்னு. அதுக்குப் பதில் வந்துச்சா?”

பாய் தொண்டையைக் கனைத்தார். குழந்தைவேல் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தனை பேர் நின்றிருப்பதும் அவனுக்கு மறந்துபோயிற்று.

“தீவாளிக்கு ருக்குமணியப் பாத்தேன்” என்றான். “வையணும்னு எம்மாங்காலமா நெனச்சிக்கிட்டிருந்தேன். பாத்தா எலியப் பத்திப் பேசிட்டு வந்துட்டேன். அவ மேல கோவமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அன்னைக்குத்தான் தெரிஞ்சிது எனக்கு. மடுகரைக்கு உருளப் பல்லு பாக்கவா வந்தேன்? நீ இருக்கிற பக்கந்தான் என் காலு போவுது. நீ காட்டேரிக்குப்பம் போயிட்டா எனக்கு ஆவாது தனக்கொடி. அம்மாவுக்காவ இல்ல, ஊருக்காவ இல்ல. எனக்கு ஆவாது.”

துடுப்பு ஒரு கணம் நின்றது. ஒரே ஒரு கணம்தான். பிறகு முன்னைவிட வேகமாகப் போக ஆரம்பித்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு பாகையே பார்த்தாள். ஆவியில் முகம் நனைந்திருந்தது, ஆவிதானா என்று யாராலும் சொல்ல முடியாது.

“போய் உக்காருங்க” என்றாள் கடைசியில்.

அவன் சக்கைப் போர் மேல் போய் உட்கார்ந்தான். எல்லாம் முடிந்தது என்று நினைத்தான். மாடு மறுபடியும் சுற்றியது. தனக்கொடி தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு சொட்டுப் பாகை விட்டுப் பார்த்தாள், உருட்டினாள், போதாது என்று தலையசைத்தாள். அடுப்பில் இன்னும் கொஞ்சம் சக்கை தள்ளச் சொன்னாள். மறுபடி ஒரு சொட்டு. அந்தக் கொப்பரை அன்றைக்குப் பதம் வர எடுத்துக்கொண்ட நேரம் வேறு எந்த நாளும் எடுத்ததில்லை என்று குழந்தைவேல் பிற்பாடு சத்தியம் செய்வான். பதம் வந்ததும் நாலு பேராகக் கொப்பரையை இறக்கி மரத்தொட்டியில் ஊற்றினார்கள். அவள் துடுப்பால் கிளறிக் கிளறி ஆற்றினாள். சூடு பொறுக்கிற அளவுக்கு வந்ததும் உருண்டை பிடிக்க உட்கார்ந்தாள். வேலையில் ஒரு அவசரமும் இல்லை.

மேரி மூடுகிற மணி ஏரிக்கரையைத் தாண்டிக் கேட்டது. பாய் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வண்டியில் வள்ளியம்மாள் மூக்கைச் சிந்தினாள்.

தனக்கொடி கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள். சக்கைப் போருக்கு முன்னால் வந்து நின்றாள்.

“மூடிட்டாங்களா?”

“மூடிட்டாங்க.”

“அந்தக் காயிதம் செத்துச்சா?”

“செத்துச்சு” என்றான் அவன்.

“செத்துப் போவட்டும். அது கோவத்துல ஒட்டனது. ஒருத்தி வுட்டுட்டுப் போன எடத்துல நான் போய் உக்காந்ததா ஆவக் கூடாது. ஒருத்தன் வுட்டுட்டுப் போனதுக்கு ஒங்களப் புடிச்சிக்கிட்டதாவும் ஆவக் கூடாது.” அவள் மூச்சு வாங்கினாள். “காலைல வாங்க. புதுசா எழுதிக் குடுக்கலாம்.”

குழந்தைவேலுக்குக் கொஞ்ச நேரம் ஒன்றுமே புரியவில்லை. புரிந்தவர் பச்சையப்பன்தான். ஆலையை விட்டு எழுந்து வந்து, காட்டேரிக்குப்பத்துக்காரர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது என்று கேட்டார்.

“வேணாம்னு போன வாரமே ஆள் வுட்டுச் சொல்லிட்டேன் நைனா.”

“போன வாரமேவா?” என்று குழந்தைவேல் எழுந்துவிட்டான். “அப்பறம் ஏன் என்ன இந்தப் பாடு படுத்தன?”

“நீங்க வாயத் தெறக்கணும்ல” என்றாள். அப்போதுதான் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து வள்ளியம்மாள் வண்டியிலிருந்து இறங்கி ஓடி வந்து அவள் கன்னத்தைத் தடவி, சூட்டில் சிவந்த கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பாய் எழுந்தவர் மறுபடியும் உட்கார்ந்து, ஆறிக்கொண்டிருந்த உருண்டையில் ஒன்றை எடுத்துக் கடித்தார்.

மறுநாள் காலையில் மேரி திறக்கும்போதே வாசலில் நின்றார்கள். குமாஸ்தா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, போன வருஷமும் நீங்கள்தானே என்றார். ஆமாம் என்றார்கள். நேற்று வந்திருந்தால் பழையதே செல்லியிருக்குமே, ஒரு நாளில் விட்டுவிட்டீர்களே என்று அலுத்துக்கொண்டார். தெரியும் என்றாள் தனக்கொடி. அவர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு மேற்கொண்டு கேட்காமல் புதுக் காகிதம் எடுத்து எழுதினார். கொண்டுபோய்ப் பலகையில் ஒட்டினார்.

பலகையில் பக்கத்தில் வேறு ஏதோ காகிதமும் இருந்தது. அது யாருடையது என்று அவர்கள் பார்க்கவில்லை.

“ஐயா” என்றான் குழந்தைவேல். “போன வருசம் அவங்க காயிதத்தத்தான் படிச்சிக் காட்டனீங்க. எங்களத நாங்க கேக்கவே இல்ல.”

குமாஸ்தா விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். பாகூர் குழந்தைவேல், விவசாயம். மடுகரை பச்சையப்பன் மகள் தனக்கொடி. பிரெஞ்சு நாக்கில் அந்தப் பேர்கள் கொஞ்சம் கோணலாகத்தான் வந்தன. தனக்கொடி தலையில் இருந்த முந்தானையை எடுத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

அவர் முடித்ததும், “இன்னொரு தரம் படிங்க” என்றாள்.